நாற்பது கூடை

“பாறையோட பலத்தையே அளக்குறவன் நான். ஆள் பலத்தை அளக்க மூணு நாள் போதும்,” என்றார், குவாரிப் பெண்கள் ஒரு நாளைக்கு எத்தனை கூடை சுமக்கலாம் என்று கணக்கிட வந்த பொறியாளர்.

“நாள் கூலிக்கு நூறு கூடை ஜல்லி சுமக்கணும். முடியாதவளை வீட்டுக்கு அனுப்பிடுவேன்,” என்றார் குவாரி முதலாளி.

பொறியாளர் கடிகாரமும் கையுமாக மூன்று நாள் வெயிலில் நின்றார். எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடும் மூத்தவள், பத்து நடைக்கு ஒருதரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பின்னால் வந்த பெண்களுக்கெல்லாம் நாக்குத் தள்ளியது. பார்க்கவே அவருக்குப் பாவமாக இருந்தது.

“மனுஷ உடம்புக்கு நாற்பது கூடைதான் சார் தாங்கும். நான் அளந்தா தப்பாது.”

முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரு வருஷத்துக்கு அதையே நாள் கணக்காக ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒருத்திக்கும் வேலை போகவில்லை.

மறுவாரம் பாறையைச் சோதிக்கப் பொறியாளர் மறுபடி வந்தார். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. நாற்பதையும் கொட்டி முடித்துவிட்டு, பெண்கள் சிரிப்பும் கும்மாளமுமாக வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால், வெறுங்கூடையைச் சுழற்றிக்கொண்டு பெரியக்கா!

“என்னம்மா இது? அன்னிக்கு உங்களால நடக்கவே முடியலையே!”

“ஏன் சார், பாறையை அளக்கும்போது, அளக்குறீங்கன்னு அதுக்குத் தெரியுமா?”

“அதுக்கெப்படித் தெரியும்?”

“எங்களுக்குத் தெரியுமே!”