பல்லியம்மாவின் வால்

டிவிக்குப் பின்னால் குடியிருந்த பல்லி கோமளம், "பிள்ளையைத் திட்டாதீர்கள், எதிலும் நல்லதைப் பார்த்துப் பாராட்டுங்கள்" என்று டிவி டாக்டர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

மகன் கிட்டு பூனையிடம் வாலைப் பறிகொடுத்து வந்தான்.

"வால் போனா என்ன, உயிரோட வந்தியே. சமத்து" என்று கொஞ்சினாள்.

வால் மறுபடி முளைத்ததும், அந்தப் பாராட்டு ருசியில் கிட்டு சும்மாவே அதை உதறிப் போட்டுக் காட்டினான். கோமளம் பல்லைக் கடித்துக்கொண்டு, "துணிச்சல்காரன்" என்றாள்.

அன்றைக்கே பூனை வந்தது. கிட்டுவிடம் உதற வாலில்லை. கோமளம் குறுக்கே பாய்ந்து, தன் அழகான நீள வாலை உதறினாள். துள்ளிய வாலைப் பூனை பிடிப்பதற்குள் இருவரும் டியூப்லைட்டுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டார்கள்.

மொட்டையாக நின்ற அம்மாவைக் கிட்டு மேலும் கீழும் பார்த்தான்.

"வால் போனா என்ன, உயிரோட வந்தியே. நீ சமத்தும்மா."

கோமளத்துக்கு அவனை ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. கேட்க நன்றாகவும் இருந்தது.