வட்டம் வைத்த இடம்

பிந்துஜாவின் விரல் அட்டையில் ஒட்டிய சணல்கயிற்றைத் தொட்டபடி மெல்ல மேலேறுகிறது. கண் தெரியாத மகள் கணக்குப் பாடத்து வளைகோட்டைத் தடவிப் படிக்கட்டும் என்று அப்பா குட்டப்பன் ஒட்டிக் கொடுத்தது. பசை வாசம் இன்னும் போகவில்லை. சன்னல் வெயில் அவள் மணிக்கட்டில் இளஞ்சூடாகக் கிடக்கிறது. பாறசாலைப் பக்கம் போகும் ரயிலின் சத்தம் ரப்பர் மரங்களுக்குள் தேய்கிறது. திடீரென்று கயிறு முடிந்து, விரல் ஒரு சிறு வளையத்துக்குள் இறங்குகிறது. வலக்கோடியிலிருந்து மறுபடி தடவி வருகிறாள். அதே வளையம்தான். “ரெண்டு பக்கமும் ஒரே எடத்துக்குத்தான் வருது அப்பா. வந்து பாத்தா அங்க ஒண்ணுமில்ல. அதாக்கும் இது கண்டினியூஸ் இல்லாதது, தொடர்ச்சி அறுந்தது. இப்ப மனசிலாச்சு.” “டீச்சர் அங்க ஒரு வட்டம் வைக்கச் சொன்னாவ மக்கா. அலமாரியில கெடந்தத எடுத்து ஒட்டினேன்” என்கிறார் அப்பா. வளையத்தின் விளிம்பில் ஒரு சின்னக் கொக்கி தட்டுப்படுகிறது. சின்ன வயசில் அம்மா மடியில் கிடந்து அவள் சுழற்றிச் சுழற்றி விளையாடிய, அம்மாவின் வளையக் கம்மல். அம்மாவை அடக்கம் செய்த நாளிலிருந்து இருவர் பேச்சும் அம்மாவின் பெயருக்குப் பக்கம்வரை வந்து நின்றுவிடுகிறது. அப்பாவின் நாற்காலி முனகுகிறது. “சாயா போடட்டா மக்கா?” பிந்துஜாவின் விரல் வளையத்துக்குள்ளேயே இருக்கிறது.