விண்மதிக்குக் கருமாதி

"ஏனக்கா, செத்துப்போன புள்ள இன்னிக்கு மூணு மணிக்கு எந்திரிச்சு வருதாமா? மச்சான் எறக்குன முடிய யாரு திருப்பித் தர்றது?"

தம்பி முறையான பொங்கியண்ணன் கேட்டதும் கூட வந்த நாலைந்து பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுப்பாத்தாளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

ஆறு வருஷமாக இதே கேலி.

'வெள்ளிக்கிரகக் கப்பல்' என்று ரேடியோவில் ஒரு நாடகம், ஞாயிற்றுக்கிழமை தோறும். தண்ணீரில் போகிற கப்பல் இல்லை, ஆகாயத்தில் போவது. அதில் விண்மதி என்றொரு பெண். அவள் "அப்பா" என்று கூப்பிட்டால், கப்பல் தலைவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் சுப்பாத்தாளின் புருஷன் காளிச்சாமி "என்ன சாமி?" என்பார். பிள்ளை இல்லாத வீடு. போகட்டும் என்று சுப்பாத்தாளும் விட்டிருந்தாள்.

ஒரு ஞாயிறு, கதையில் விண்மதி செத்துப்போனாள். மறுநாள் காலையில் காளிச்சாமி மொட்டை அடித்து, கிணற்றில் தலைமுழுகிவிட்டு வந்து நின்றார்.

எருத்தேன்பதி ஊரே சிரித்தது. அதிலும் பொங்கியண்ணனின் சிரிப்பு இன்னும் ஓயவில்லை. ஊரில் யாருக்கு என்ன கடுதாசி என்றாலும் அவன்தான் எழுதித் தர வேண்டும். அந்த மிதப்பு வேறு.

இன்றைக்கு நாடகத்துக்குப் பத்தாம் ஆண்டு விழா. கதையில் செத்தவர்கள் உட்படப் பழைய குரல்கள் எல்லாம் ஒன்றுகூடும் சிறப்பு நாடகமாம். கூட்டம் அதைக் கேட்க வரவில்லை. காளிச்சாமியின் முகத்தைப் பார்க்க வந்திருந்தது.

மூன்று மணி. வெளியே பனைகளைப் பிய்க்கிற காற்று. கதவைச் சாத்தித் தாழ் போட்டிருந்தார்கள். ரேடியோவில் பழைய குரல்கள் ஒவ்வொன்றாக வந்தன. கப்பல் தலைவன் கேட்டான்:

"அங்கே இருட்டில் நிற்பது யார்?"

ரேடியோ கரகரத்தது.

"நான்தான் அப்பா. விண்மதி."

அதே குரல். ஒரு நூல்கூட மாறவில்லை. சிரிக்க வந்தவர்கள் சிரிப்பை மறந்தார்கள்.

"என்னை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டீர்களே, அப்பா..." என்றது ரேடியோ.

அதே நேரம் கதவுக்கு வெளியேயும் அந்தக் குரல்.

"காளிச்சாமி வீடு இதுதானே?"

உள்ளே ஒரு விண்மதி பேசிக்கொண்டிருக்க, வெளியே ஒரு விண்மதி கூப்பிட்டாள்.

"ரேடியோவ நிறுத்துக்கா!" பொங்கியண்ணன் அலறினான்.

நிறுத்தினாள். ஆனால் குரல் நிற்கவில்லை.

"கதவைக் கொஞ்சம் திறக்கறேளா?"

"தொறக்காதீங்க மச்சான்!" என்ற பொங்கியண்ணன் கடலைமூட்டைக்குப் பின்னால் பதுங்கிவிட்டான்.

காளிச்சாமி மட்டும் எழுந்து போய்த் தாழை நீக்கினார்.

"வா சாமி," என்றார்.

நரைத்த தலையும் வெறும் நெற்றியுமாக ஓர் அம்மாள் நின்றாள். வயது ஐம்பது இருக்கும். குரலுக்கு மட்டும் பதினெட்டு.

"பயப்படாதேங்கோ. நான் கல்பாத்தி அகிலாண்டம். விண்மதியாப் பேசறது நான்தான். இப்போ நீங்க கேட்டது போன வாரமே பேசிப் பதிவு பண்ணினது. பேசி முடிச்சதுலேர்ந்து, இங்க ஒரு தடவை வந்துடணும்னு மனசு கெடந்து அடிச்சுண்டது."

கூட்டத்துக்கு மூச்சு வந்தது.

அகிலாண்டம் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்தாள். நாலு மூலையிலும் கறுப்பு மை. சுப்பாத்தாள் திடுக்கிட்டாள். கருமாதிக் கார்டைப் படித்த கையோடு கிழித்துப் போடாமல் வீட்டில் யாராவது வைத்துக்கொள்வார்களா?

அந்தம்மாள் கார்டைப் பார்க்காமலே ஒப்பித்தாள்.

"'எங்கள் அருமை மகள் விண்மதி வானுலகம் போய்விட்டாள். பதினாறாம் நாள் கருமாதிக்கு ரேடியோக்காரர்கள் எல்லோரும் தவறாமல் வரவும். இப்படிக்கு, காளிச்சாமி, எருத்தேன்பதி.'"

காளிச்சாமி ஒன்றும் புரியாமல் விழித்தார்.

"அந்த மாசந்தான் ஆத்துக்காரர் போனார். கதையிலயும் என்னைச் சாகடிச்சாச்சு. இனிமே யாருக்காக இருக்கணும்னு கிணத்தடியில போய் நின்னுட்டேன். அப்போ வாசல்ல தபால்காரன் குரல் கேட்டுது. ரேடியோ ஆபீஸுக்கு வந்த இந்தக் கார்டை எனக்கு அனுப்பி வெச்சிருந்தா. வெறும் குரலுக்கே அழ ஒரு வீடு இருக்கேன்னு திரும்பி வந்துட்டேன். இந்த எழுத்து உங்களோடதா?"

சுப்பாத்தாள் பொங்கியண்ணனைப் பார்த்தாள். மூட்டையிலிருந்து பார்வையை எடுக்காமல் நின்றான். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கேலிக்கு எழுதிப் போட்டிருக்கிறான், பாவி! ஆறு வருஷத்துக்கும் சேர்த்து அவன் மானத்தை வாங்க இதைவிட நேரம் வாய்க்காது. வாயைத் திறந்தாள்.

காளிச்சாமி முந்திக்கொண்டார்.

"நான் கைநாட்டுங்கம்மா. நான் சொல்லச் சொல்ல எழுதுனது இவருதானுங்க. அழுதுட்டே எழுதுனாரு."

அகிலாண்டம் பொங்கியண்ணனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பதிலுக்குக் கும்பிட அவனுக்குக் கை எழவில்லை.

அந்தம்மாளைப் பஸ் ஏற்றிவிட்டதும் சுப்பாத்தாள் பொரிந்து தள்ளினாள்.

"ஏனுங்க, நீங்க எப்பங்க அவனக் கடுதாசி எழுதச் சொன்னீங்க? நம்மளச் சந்தி சிரிக்க வெச்சவனுக்குக் கும்பிடு வாங்கிக் குடுத்துட்டீங்களே! உங்களுக்கு ரோசமே இல்லீங்களா?"

காளிச்சாமி பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது கேலின்னு அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தா, நெசமாலுமே நான் இன்னொருக்கா மொட்டை அடிக்க வேண்டி வந்திருக்கும், புள்ள."