பத்து நொடி

"இது வேணாம்பா. போன வருஷம் இதைப் போட்டுத்தான் என் மானமே போச்சு."

கண்ணாயிரம் அந்த பேட்டரியை ஒற்றை விரலால் தள்ளிவிட்டார். மரக்காணம் கடைத்தெருவில் வாட்ச் கடை வைத்திருக்கும் சகாயராஜ், மேசைமேல் இருந்த பழைய பிலிம் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்படி என்னாச்சுங்க?"

"பத்து நொடி கழிச்சு அதுவா படம் எடுக்குற பொத்தானை அமுக்கிட்டு, ஓடிப்போயி தம்பி பக்கத்துல நிக்கிறேன். லைட்டு ரெண்டு தரம் மினுக்குச்சு, செத்துப்போச்சு. அத்தினி ஆளுங்க முன்னாடி, 'இதான் பெரியவரு லட்சணம்'னு சிரிச்சிட்டுப் போயிட்டான்."

அண்ணனும் தம்பியும் பேசி வருஷக்கணக்காகிவிட்டது. உப்பளத்தைப் பிரிப்பதில் வந்த வழக்கு கோர்ட்டில் இழுத்துக்கொண்டே கிடக்கிறது. வாய்தாவுக்கு அலைந்து அலைந்து கண்ணாயிரத்துக்கு முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். வருஷத்து முதல் உப்பை வாரிக் குவிக்கிற நாளில், அந்தக் குவியலுக்கு முன்னால் குடும்பம் நின்று படம் எடுப்பது அவர்கள் வீட்டு வழக்கம். என்ன சண்டை வந்தாலும் அதை மட்டும் விடக்கூடாது என்று சாகும்போது அம்மா இருவரிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள். அதற்காகத்தான் தம்பி வருகிறான். இந்த முறையும் கேமரா காலை வாரினால் இனி வரமாட்டான். அந்த வீடு இரண்டாகப் போனதை ஊரே பார்த்துவிடும்.

சகாயராஜ் இன்னொரு பேட்டரியை எடுத்து வைத்தான்.

"ரெண்டும் பார்க்க ஒண்ணு மாதிரியே இருக்கும்ங்க. நீங்க போட்டது சாதா. புதுசுல ஜோரா இருக்கும், போகப்போக எறங்கிடும். பொம்மைக்குத்தான் சரி. இது சில்வர். கடைசி வரைக்கும் ஒரே மாதிரி குடுக்கும்."

"கடைசியில?"

"சொல்லாம கொள்ளாம நின்னுடும்."

"நல்ல சாவுதான்" என்றார் கண்ணாயிரம்.

சகாயராஜ் சிரித்துக்கொண்டே மீட்டர் வைத்துக் காட்டினான். கேமராவின் அடிமூடியைத் திறந்தான்.

"உள்ளார பாருங்க, எப்படிப் பச்சை பூத்திருக்குது. எல்லாம் உப்புக்காத்து. வேலை முடிஞ்சதும் பேட்டரியைக் கழட்டி வெச்சிடுங்க." ரப்பரால் தேய்த்துத் துடைத்தான். "இனிமே வெளிச்சத்தைக் கரெக்டா அளக்கும். படம் கண்ணாடி மாதிரி விழும்."

"படத்தை விடுப்பா. பத்து நொடியும் லைட்டு நிக்காம மினுக்குமா? அதைச் சொல்லு."

"மினுக்கும்ங்க. ஆமா, பேசாம செல்லுல எடுத்துட்டா என்ன?"

"அதுல ஒரு தட்டு தட்டினா முடிஞ்சிடுது" என்று சொல்லிவிட்டு, மேசையைப் பிடித்து மெல்ல எழுந்தார்.

மறுநாள் காலை, உப்புக் குவியலின்மேல் கற்பூரம் எரிந்தது. தம்பி தெய்வசிகாமணி வந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் வழக்கமான இடத்தில் நின்றான்.

"இந்த வாட்டியாவது அந்தப் பொட்டி வேலை செய்யுமா அய்யா?" என்றாள் உப்பு வாரும் சாலம்மாள். பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"வாயை வெச்சிக்கிட்டு சும்மா இரும்மா."

கண்ணாயிரம் ஸ்டூலின்மேல் கேமராவை வைத்துப் பொத்தானை அமுக்கினார். வரப்பில் தடுமாறி வந்து தம்பியின் பக்கத்தில் நின்றார். தோளும் தோளும் உரசின. எதிரே அந்தப் பொட்டு விளக்கு மினுக்கியது. நிற்காமல் மினுக்கியது. உப்பின் வெள்ளையில் கண் கூசியது. தம்பி மூச்சு வாங்குவது அவருக்குக் கேட்டது. இவனுக்கும் வயசாகிவிட்டது.

'படக்' என்று கேமரா அடங்கியது.

எல்லோரும் கலைந்தார்கள். தெய்வசிகாமணி மட்டும் நகரவில்லை. கேமராவைப் பார்த்தபடியே, அண்ணனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:

"அதுல பிலிமே இல்லன்னு எனக்கு ரொம்ப வருஷமா தெரியும்ணே. இன்னொரு வாட்டி அமுக்கிட்டு வா."