முகம் கொஞ்சம் பெருசா

"என் மூஞ்சி இன்னும் கொஞ்சம் பெருசாவணும் ஷாரிக்கு" என்றார் கோதண்டம், கம்ப்யூட்டர் திரைக்குள்ளேயே நுழைந்துவிடுபவரைப் போலக் குனிந்து.

கல்மண்டபத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் அடித்துக் கொடுக்கும் ஷாரிக் மவுஸை இழுத்தான். அடி வரிசையில் பொடிப்பொடியாகக் கிடந்த முகங்களில் ஒன்று மட்டும் பூரி மாதிரி உப்பியது.

காசிமேட்டு ஐஸ் லோடு சங்கத் தலைவர் ராமசுப்புவுக்காகச் சங்கம் வைக்கிற பேனர் அது. சாயங்காலம் ஊர்வலம். மேளம், சரவெடி, கூடை கூடையாக ரோஜாப்பூ எல்லாம் சொல்லியாகிவிட்டது. காலையிலிருந்து ஆளுக்கொரு வேலையாக ஓடிக்கொண்டிருந்தார்கள். பேனர் வேலையைத் துணைச் செயலாளர் கோதண்டத்திடம் கொடுத்ததுதான் சங்கம் செய்த ஒரே தப்பு.

"போதுமா நைனா?"

"இன்னாபா போதும்? போன வாட்டி அடிச்ச பேனர்ல கயிறு கட்ற ஓட்டை கரீக்டா என் மூக்கு மேல வந்துச்சு. அதுக்கு முந்தின வாட்டி என் காது மட்டும்தான் தெரிஞ்சிது. என் சம்சாரம் வெரல வெச்சி தேடிப் பாத்துட்டு, 'இதுல நீ எங்கய்யா கீற'ன்னு கேக்குறா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பவுனம்மாள் அப்படிக் கேட்டது அவருக்கு ரொம்பவே வலித்திருந்தது. முதுகு வளைய ஐஸ் பெட்டி சுமந்தவர், சங்கத்துக்காக நாயாய் அலைந்தவர். கட்டின பெண்டாட்டி கண்ணுக்கே தெரியாத ஆளாகப் போய்விட்டோமே என்று அன்றைக்குச் சாப்பாடுகூட இறங்கவில்லை. இந்த ஒரு பேனரிலாவது, பஸ்ஸில் போகிறவன் திரும்பிப் பார்த்து 'யாரு இவரு' என்று கேட்டுவிட வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான்.

ஷாரிக் தலையைச் சொறிந்தான். "நைனா, நாஞ் சொல்றேனேன்னு கோச்சுக்காத. யாரு மூஞ்சி பெருசா கீதோ, அவருக்குத்தான் பேனருன்னு ஜனங்க நெனச்சிக்கும்."

"நெனச்சிக்கட்டுமே! ஒரு நாளு நெனச்சா இன்னா கொறஞ்சி பூடும்?"

"அப்போ நடுவுல கீற அண்ணன் படத்த ஓரமா தள்ளணும். நல்லாவா இருக்கும்?"

"தள்ளுபா. அண்ணன் இன்னா, வந்து கேக்கவா போறாரு?"

ஷாரிக் மறுபடி மவுஸை இழுத்தான். கொட்டை எழுத்துத் தலைப்பை மட்டும் தொடாமல் விட்டான். ராமசுப்புவின் பெயர் அடியில் போய் எறும்பு வரிசையாகிவிட்டது. அவர் படம் மூலையில் தபால்தலை அளவில் ஒண்டிக்கொண்டது. நடுவில் மகள் கல்யாணத்தில் எடுத்த படத்தில், நெற்றி நிறையச் சந்தனமும் வாய் நிறையச் சிரிப்புமாகக் கோதண்டம். படம் கொடுப்பதற்காக எடுத்த போனை ஷாரிக்கின் மேஜையிலேயே மறந்துவிட்டு, பேனரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

முச்சந்தியில் பேனரைக் கட்டி முடித்ததும், எதிர் டீக்கடைக்குள் போய் உட்கார்ந்து தன்னையே ரசித்தார். நாம் இவ்வளவு லட்சணமா, இத்தனை நாளாக ஒருத்தரும் சொல்லவே இல்லையே என்று தோன்றியது. தாடி மழிக்கும்போது மட்டும் கண்ணாடியில் முகம் பார்க்கிறவர் அவர்.

பைக்கில் வந்த ஒருவர் ஓரங்கட்டி நின்று, ஹெல்மெட்டைக் கழற்றிப் பேனரைக் கும்பிட்டார். மீன் கூடையோடு போன ஒரு அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, நகர மனசில்லாமல் நின்றாள். ஷேர் ஆட்டோவில் வந்தவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு உடனே போனை எடுத்து யாருக்கோ பேசினார்கள். கோதண்டத்துக்கு நெஞ்சு விம்மியது. இன்னொரு டீ சொன்னார்.

ஊர்வலத்துக்குப் போவதற்கு முன் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வரலாம் என்று வீட்டுப் பக்கம் நடந்தார். அவர் தெருமுனையில் யாரோ குட்டியானை வண்டியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் அவர் வீட்டு வாசலில் ஏகப்பட்ட கூட்டம். ஒரு பேனருக்கே இந்த மரியாதை என்றால், முன்னாடியே செய்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டார். இப்போது பவுனம்மாள் வந்து கேட்கட்டும், எங்கே கீற என்று.

அப்போதுதான் ஆட்டோவிலிருந்து பஷீர் இறங்கினார். சின்ன வயசுத் தோஸ்து, வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர். வியாபார நேரத்தில் கடையை விட்டு நகராத மனிதர், இன்று அத்தனையையும் போட்டுவிட்டு ஆளுயர ரோஜா மாலையோடு வந்திருக்கிறார்.

கோதண்டத்தைப் பார்த்ததும் பஷீர் அப்படியே நின்றுவிட்டார். அழுது அழுது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நமக்கு ஒரு பெருமை வந்ததைப் பார்த்து இப்படி அழுகிற ஒருத்தன் கூடவே இருந்திருக்கிறானே, அது தெரியாமல் போய்விட்டதே என்று கோதண்டம் உருகிப்போனார். குனிந்து கழுத்தை மாலைக்குக் காட்டினார்.

மாலை பஷீர் கையை விட்டு நழுவித் தெருவில் விழுந்தது.

"மாமு... நீ சாவலியா?"