இரண்டாவது கோப்பை

"மோட்டார்ல மலை ஏறப் போறதுக்கு, ஒரு வாரம் முன்னாடியே பஸ்ல போய் ரோட்டப் பாத்துட்டு வந்த மொத ஆளு நீதான்லா!"

சீனி சிரித்த சிரிப்பில் புந்தோங் வீட்டுப் பலகைச் சுவரே அதிர்ந்தது.

பாஸ்கல் கோபப்படவில்லை. கேமரன் மலைக்குப் போகிற வழியை ஒரு தாளில் கோடு போட்டுக் கொண்டுவந்திருந்தான். ஈப்போ, காம்பார், தாப்பா, அப்புறம் மலைப்பாதையில் அருவி. காம்பாரிலும் தாப்பாவிலும் அருவிக்கரையிலும் ஒவ்வொரு கோப்பிக்கடையை வட்டம் போட்டிருந்தான்.

"இந்த மூணு கடையிலயும் கண்டிப்பா நிக்கணும் மச்சான். யாரு முன்னாடி போனாலும் கோப்பி குடிச்சிட்டுத்தான் கெளம்பணும். தாப்பா தாண்டுனா வளைவு நெறய இருக்கு. மெதுவா போலாம்."

"ஆஸ்பத்திரியில ஸ்ட்ரெச்சர் தள்ளித் தள்ளி ஒனக்கு ரத்தமே சுண்டிப் போச்சு. என் பொண்டாட்டியே வாயத் தொறக்கல. ஒனக்கு என்னலா?"

நவமணி வாயைத் திறக்கத்தான் இல்லை. ஏழு மாத வயிற்றோடு உட்கார்ந்து அவன் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். எழுபத்தெட்டில் அந்தச் சிவப்பு மோட்டார் சைக்கிளை வாங்கினதிலிருந்து சொல்லிச் சொல்லி ஓய்ந்து போனவள் அவள். மெதுவாகப் போ என்றால் இன்னும் பத்து மைல் கூட்டி ஓட்டுகிற ரகம் அவன். என்ன செய்ய?

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். பாஸ்கலின் கிழட்டு மோட்டார் ஈப்போவைத் தாண்டும்போதே பின்தங்கிவிட்டது. சீனி காம்பார் கடையில் போய் இறங்கி ஒரு கோப்பி கேட்டான்.

கடை முதலாளியான சீனத் தவுக்கே இரண்டு கோப்பை கொண்டுவந்தார். ஒன்றை அவனுக்கு வைத்தார். மற்றதைக் காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தார்.

"ஒண்ணுதான கேட்டேன் தவுக்கே?"

"பின்னால உக்காந்து வந்த பொம்பளைக்கு வேணாமா?"

"எந்தப் பொம்பள?"

தவுக்கே மோட்டாரைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

கிழவனுக்குக் கண் அவிந்து போச்சு என்று சிரித்துக்கொண்டே சீனி கிளம்பினான்.

தாப்பாவில் தமிழ் முஸ்லிம் ஒருவரின் மாமாக் கடை. அங்கேயும் இரண்டு கோப்பை.

"அந்தம்மா எறங்கலியா தம்பி? தலையத் தொங்கப் போட்டுட்டே வந்துச்சே, ஒடம்புக்கு முடியலியா?"

சீனிக்கு இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. பாஸ்கல் வரட்டும், சொல்லலாம் என்று நினைத்தான். பயந்தாங்கொள்ளி என்று ஊரெல்லாம் கேலி செய்தவனிடம் போய் இதை எப்படிச் சொல்வது? வறட்டு கௌரவம் விடவில்லை. கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினான்.

மலைப்பாதையில் பனி இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அருவிச் சத்தம் கேட்டுத்தான் கடை இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்தான்.

கடைக்கார மலாய்க்காரி, அவன் கேட்பதற்கு முன்னாலேயே இரண்டு கோப்பை வைத்தாள். இரண்டாவதை ஆறிப்போகாமல் சின்னத் தட்டு போட்டு மூடினாள்.

"பிள்ளைத்தாச்சியை இந்த மலையில ஏத்திக்கிட்டு வரலாமா? பாவம், உன் இடுப்பப் புடிச்சிருந்த கை எப்படி நடுங்குச்சு!"

சீனி சட்டென்று பின்வாங்கினான். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன் அவன். பிள்ளைத்தாச்சியாகச் செத்தவள் பொந்தியானாப் பேயாக அலைவாள் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவன்.

ஐயோ... நவமணி!

கோப்பையைத் தொடவில்லை. மோட்டாரைத் திருப்பினான். பறந்து போய் வீட்டில் விழ வேண்டும்போல இருந்தது. ஆனால் கை முறுக்க மாட்டேன் என்றது. பின்னால் அவள் உட்கார்ந்திருந்தால்? வயிற்றோடு இருக்கிறவள், குலுங்கினால் என்ன ஆகும்? திரும்பிப் பார்க்கவும் தைரியமில்லை. இடுப்பில் என்னமோ சில்லென்று இருந்தது. பனியா, கையா, யார் கண்டது?

"புடிச்சுக்க புள்ள, மெதுவாத்தான் போறேன்" என்று வாய்விட்டே சொன்னான். முள் இருபதைத் தாண்டவில்லை.

அடுத்த வளைவில் பனிக்குள்ளிருந்து ஒரு மரலாரி, பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்தது. சீனி ஓரத்துப் புல்லில் ஒதுங்கி நின்றான். அடிமரம் ஒன்று சட்டைக் கையை உரசிக்கொண்டு போனது. எப்போதும் வருகிற வேகத்தில் வந்திருந்தால், அள்ளுவதற்குக்கூட ஆள் தேட வேண்டியிருந்திருக்கும்.

கீழே பாஸ்கல் எதிரே வந்தான். சீனி நிற்கவில்லை. பாஸ்கலும் ஒன்றும் கேட்காமல் திருப்பிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

வீடு வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள் நவமணி. உயிரோடு, முழுசாக நின்றாள்.

சீனி அவள் கையைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. பனி ஜாஸ்தி, திரும்பிட்டேன்." கோப்பை விஷயத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "இனிமே முப்பதுக்கு மேல ஓட்ட மாட்டேன் புள்ள. வயித்துல இருக்கிற புள்ள மேல சத்தியம்."

அவள் அவன் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு கோப்பை கோப்பியோடு வந்தாள். ஒன்றை அவன் கையில் கொடுத்தாள். மற்றதைக் காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தாள்.

சீனி துள்ளி எழுந்தான். "யா... யாருக்கு இது?"

வாசலில் மோட்டாரை நிறுத்திக்கொண்டிருந்தவனைக் கண்ணால் காட்டினாள் நவமணி.

"பாஸ்கல் அண்ணனுக்குத்தாங்க. நான் அழுதேன்னு, போன ஞாயித்துக்கெழம பஸ்ல அலைஞ்சு, மூணு கடையிலயும் கெஞ்சிச் சொல்லி வச்சிட்டு வந்தவருக்கு ஒரு கோப்பி குடுக்க வேணாமா?"