குழாயும் ஆறு பரிமாணங்களும்

“இழைக் கோட்பாடுன்னா என்னம்மா?”

பலகை முன்னால் நின்றிருந்த அவளுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. ஆறு வருட ஆராய்ச்சி. இருநூற்றுப் பன்னிரண்டு பக்க ஆய்வேடு. முனைவர் பட்டத்துக்கான கடைசி வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி இதுவா?

கேட்டவர் வெளியிலிருந்து வந்த தேர்வாளர். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் கத்தரிக்கோல். போன வருடம் ஒருவனை, ‘முதல்லேர்ந்து எழுதிட்டு வா’ என்று திருப்பி அனுப்பிய புண்ணியவான்.

அவள் பலகையில் சமன்பாடு எழுதப் போனாள்.

“சாக்பீஸைக் கீழ வை. வாயால சொல்லு.”

“சார்... எந்தப் பொருளையும் பிரிச்சுக்கிட்டே போனா, கடைசியில இருக்கறது புள்ளி இல்ல, ரொம்ப ரொம்பச் சின்ன இழைன்னு சொல்ற கோட்பாடு. அது அதிர்ற விதத்தைப் பொறுத்து ஒண்ணு எலக்ட்ரானாத் தெரியும், இன்னொண்ணு ஒளியாத் தெரியும்.”

“திறந்த இழை, மூடின இழைன்னா?”

“சார், இதெல்லாம் முதல் வருஷப் பசங்ககிட்ட கேக்கறது...” என்று அவளுடைய நெறியாளர் இழுத்தார். கத்தரிக்கோல் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் தலைமுடியிலிருந்து ரப்பர் பேண்டைக் கழற்றிக் காட்டினாள். “இது மூடின இழை. அறுத்தா ரெண்டு முனை வரும், அது திறந்த இழை. ஈர்ப்பு விசை இந்த மூடின இழையிலேர்ந்து வருது.”

மனுஷன் ஆய்வேட்டைப் பிரித்தே பார்க்கவில்லையா? இல்லை, பார்த்துவிட்டு, இவளுக்கு அரிச்சுவடியே தெரியாது என்று முடிவு கட்டிவிட்டாரா?

“பத்துப் பரிமாணம்னு எழுதியிருக்கே. நமக்குத் தெரியறது நீளம், அகலம், உயரம், காலம்னு நாலு. மிச்ச ஆறு எங்கே?”

“சுருண்டு...” படித்ததெல்லாம் மறந்துபோயிற்று.

கண்ணில் பட்டது கடைசி வரிசையில் இருந்த அப்பாதான். கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். ‘பின்னாடி உக்காருங்கப்பா, யார்கிட்டயும் பேச்சுக் கொடுக்காதீங்க’ என்று வீட்டிலேயே சொல்லித்தான் கூட்டி வந்திருந்தாள்.

“தெருவுலேர்ந்து பார்த்தா சுவத்துல போற குழாய் வெறும் கோடு சார். ஏணியில ஏறிப் பெயின்ட் அடிக்கறவருக்குத்தான் சுத்திலயும் இடம் இருக்கறது தெரியும். அந்த ஆறும் அப்படித்தான். ரொம்பச் சின்னதாச் சுருண்டு கிடக்கறதால நம்ம கண்ணுக்குத் தட்டுப்படல” என்று சொல்லி முடித்தாள்.

அப்பா பலமாகத் தலையாட்டினார். அவளுக்கு மானம் போயிற்று.

“போதும்” என்று கத்தரிக்கோல் பேனாவை மூடினார்.

“சார், என் ஆய்வேட்டுலேர்ந்து ஒண்ணுமே கேக்கலியே?” அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“ரெண்டு தடவை படிச்சாச்சு. அருமையான வேலை. நேத்தே கையெழுத்துப் போட்டுட்டேன்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “காலையில லிஃப்ட்ல ஒருத்தர், நான் யாருன்னு தெரியாமலே கேட்டார். ‘ஆறு வருஷமா என்ன படிக்கறேன்னு எம்பொண்ணைக் கேட்டா, உங்களுக்குப் புரியாதுப்பான்னு சொல்லுதுங்க. நெசமாவே எனக்குப் புரியாதுங்களா சார்?’னு. அதுக்கு நான் பதில் சொல்றது நியாயம் இல்லையேம்மா. அதான் உன்னைக் கேட்டேன்.”